குழாய்க்கு வைத்த பொட்டு

மாதேஸ்வரி ஒரு காலத்தில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் கூலி வேலை பார்த்தவர். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு சிறிய தொழிற்சாலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அங்கே தூசியில்லா அறையில் உதிரிபாகங்களைக் கழுவினார். ஓசூரில் முதலாளிகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். இவரைப் போன்றவர்களை யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதில் தீராத எரிச்சல்.

போன வருடம் அவர் கைக்கு ஓர் அலுமினியக் குழாய் வந்தது. விண்வெளித் தொலைநோக்கியின் முகப்பில் பொருத்துவது. நம் பால்வீதி புற ஊதா ஒளியில் எங்கெங்கே எவ்வளவு பிரகாசம் என்று அந்தத் தொலைநோக்கி வரைபடம் போடும். அந்த ஒளியைக் காற்று மறித்துவிடுவதால் மேலே போய்த்தான் அளக்க வேண்டும். குழாயில் துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் ஆவியாகிக் கண்ணாடியில் படியும், வரைபடம் பொய்யாகிவிடும். அதற்காகவே தலைக்கு எண்ணெய், பூ, பவுடர் எல்லாவற்றையும் மாதேஸ்வரி விட்டிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. லேத்துக்குப் பொட்டு, லாரிக்குப் பொட்டு, துடைப்பத்துக்கும் பொட்டு. ஐந்து மாதம் பார்த்துப் பார்த்துக் கழுவிய குழாய்க்கு மட்டும் இல்லை. மனசு கேட்கவில்லை. ஆள் இல்லாத நேரம் உள்ளே போய், விளிம்பில் மஞ்சள் பொட்டு ஒன்று வைத்துக் கும்பிட்டார். உடனே பயந்துபோய் ஸ்பிரிட்டால் துடைத்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சொன்னால் அந்த அறை வேலை போய்விடும். சொல்லாவிட்டால் வானத்துப் படம் கெடும். குழாயைப் பெங்களூருக்கு எடுத்துப் போகப் பொறியாளர் ருக்மணி வந்த காலை, மாதேஸ்வரி மேற்பார்வையாளர் ஜெகதீஷிடம் போய் நின்றார்.

“சார், கொழாய்க்குப் பொட்டு வெச்சுட்டேனுங்க.”

“தொடச்சுட்டீங்க இல்லக்கா? உடுங்க, யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுதுங்களே சார்.”

நேரே ருக்மணியிடம் போய்ச் சொல்லிவிட்டார். ருக்மணி அறை விளக்கை அணைத்துவிட்டு, புற ஊதா விளக்கைக் குழாய்மேல் பிடித்தார். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் ஒளிரும். விளிம்பில் ஒரு வட்டம் தெரிந்தது. குழாயைத் திருப்பினார். இன்னொன்று. பிறகு இன்னும் இரண்டு.

“இதுல எதும்மா உங்களுது?”

மாதேஸ்வரி விரல் படாமல் ஒன்றைக் காட்டினார்.

“மத்த மூணு?”

அங்கிருந்த எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஜெகதீஷும்தான்.

குழாயை மறுபடி கழுவி, சூட்டில் வாட்டி அனுப்பினார்கள். அது இப்போது மேலே சுற்றுகிறது. மாதேஸ்வரியை மட்டும் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். கேள்விப்பட்டு அவரைப் பார்க்கப் போனேன்.

“வருத்தமா இல்லையா?” என்று கேட்டேன்.

“இருக்குதுங்க, இல்லாமயா? ஆனா நான் வாயத் தொறக்கலைன்னா, நாலும் மேல போயிருக்குமுங்களே.”