விட்டுப்போன வரி

டொரோண்டோவில் இருக்கும் என் கணவரின் அண்ணன் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் சுகம் விசாரித்த கையோடு வரிக்கு வந்துவிடுவார்.

"தம்பி, உன்ர சம்பளத் துண்டை என்ரயோட ஒருக்கா வைச்சுப் பார். கியூபெக்கில இருந்துகொண்டு ரெண்டு அரசாங்கத்துக்கு உழைக்கிறாய்."

மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றும் என் கணவருக்கு அந்தப் பேச்சு மெல்ல மெல்ல ஏறியது. இங்கே வருடாவருடம் மத்திய அரசுக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று என இரண்டு வரிப் படிவங்கள் கொடுப்பதே அவருக்கு எரிச்சல். போன வசந்தத்தில் அண்ணன் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வாடகை வீடும் பார்த்துவிட்டார். ஒரு கிழமைக்குள் முன்பணம் கட்டவேண்டும்.

"நீர்தானே கணக்குப் படிச்சனீர். ரெண்டு பக்கத்தையும் பாத்துச் சொல்லும். நீர் சொல்லுறதுதான் முடிவு" என்றார் கணவர்.

எனக்கு அந்தக் கடைசிச் சொல்தான் பயம். பால் வாங்கினாலே திகதியை மூன்று தரம் பார்ப்பவள் நான். மகளுக்கு மூன்று வயது. நாங்கள் இருக்கும் வில்லரேயில் அரசு மானியம் பெறும் கார்தெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், அவளுக்கு இடம் கிடைக்க இரண்டு வருடம் காத்திருந்தோம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அன்றே அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

இரண்டு மாகாணங்களின் வரி விகிதங்களையும் எடுத்து, அதே சம்பளத்துக்கு மத்திய வரி, மாகாண வரி, வாடகை, காப்பகச் செலவு எல்லாம் கூட்டினேன். டொரோண்டோ இருக்கும் ஒன்ராறியோ வென்றது. கணவர் உடனே அண்ணனிடம் சொல்லிவிட்டார். கார்தெரிக்குக் கடிதம் எழுதிப் பையில் வைத்தேன்.

சனிக்கிழமை காலை மனம் கேட்கவில்லை. என் கணக்கைப் போன வருடம் கட்டிய வரியோடு ஒப்பிட்டேன். நாங்கள் கட்டிய மத்திய வரி மிகவும் குறைவாக இருந்தது.

"இஞ்சருங்கோ, நாங்கள் வரி குறைச்சுக் கட்டியிருக்கிறம்."

"நல்லதுதானே."

"பிடிச்சால்?"

"உம்மைத்தான் பிடிப்பினம். நான் கையெழுத்து மட்டும்தான் போட்டனான்."

வழக்கமாகக் கணினி நிரப்பித் தரும் படிவத்தை அன்றுதான் வரிவரியாக வாசித்தேன். அங்கே இருந்தது: கியூபெக்கில் வசிப்பவர்களுக்கு மத்திய வரியில் ஒரு கழிவு. ஒரே ஒரு வரி. அதை விட்டுவிட்டுத்தான் ஊரை மாற்ற இருந்தேன். மறுபடி கூட்டினேன். மூன்று தரம். மொன்றியல் வென்றது. கடிதத்தை நான்காகக் கிழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கணவரின் அண்ணனை நானே ஸ்பீக்கரில் போட்டு அழைத்தேன்.

"அத்தான், நாங்கள் வரேல்லை. என்ர கணக்குப் பிழைச்சுப்போச்சு, ஒரு கழிவை விட்டிட்டன்."

"அதெல்லாம் கடதாசியில இருக்கும் பிள்ளை. கையில வராது."

"போன வருசம் கிடைச்சிருக்கு அத்தான். நாங்கள்தான் கவனிக்கேல்லை."

பின்னாலிருந்து அவருடைய மனைவியின் குரல் கேட்டது. "அவையள இருக்கவிடுங்கோ. உங்களுக்குக் காட்ஸ் விளையாடப் பக்கத்தில ஆள் வேணும், அதுக்கு வரியைச் சாட்டுறியள்."

என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அத்தான் பேச்சை மாற்றினார்.

"அது சரி பிள்ளை, எங்கட படிவத்தையும் ஒருக்காப் பாக்கிறீரே? நாங்களும் என்னவும் விட்டிருப்பம்."

கேட்டதற்கெல்லாம் ஓம் சொல்லியே பழகியவள் நான்.

"பாக்கிறன் அத்தான். ஆனா நீங்கள்தான் இஞ்ச கொண்டு வரோணும்" என்றேன்.