பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஏறிய தண்ணீர்

அந்த வட்டாரத்தில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள்தான். அத்தனை பேருக்கும் அவர் 'பிரேக் சார்'. டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுக்கிறவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவர் மிதிக்கிற மிதியில், தான் ஓட்டுகிறோமா, பக்கத்தில் இருக்கிறவர் ஓட்டுகிறாரா என்ற சந்தேகம் கற்றுக்கொள்ள வந்தவருக்குக் கடைசி வரை தீராது. தூரத்தில் ஒரு பூனை சாலையைக் கடக்கலாமா என்று யோசித்தாலே இங்கே கார் நின்றுவிடும்.

அந்தக் கால் வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் போதும், இவர் சோபாவில் உட்கார்ந்தபடியே வலது காலால் தரையை அழுத்துவார். மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். நோயாளிகளின் முனகலையெல்லாம் கேட்டுப் பழகிய அந்த அம்மாளுக்கு இந்தக் கால் அழுத்தம் ஒரு பொருட்டே இல்லை.

வீட்டில் அவருடைய செல்லம் கூடத்து மீன்தொட்டி. கடல் மீன்களுக்கான உப்புத் தண்ணீர்த் தொட்டி. ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கோமாளி மீன்கள், வெளியே தலைகாட்டவே யோசிக்கிற ஒரு இறால், கொஞ்சம் பவளம், கண்ணாடியில் ஊர்ந்து பாசியை மேய்கிற சில நத்தைகள். சோபாவில் சாய்ந்தபடி பார்க்கத் தோதாக, தாழ்வான பலகைமேல் அதை வைத்திருந்தார்.

மற்றவர்கள் மீனைப் பார்ப்பார்கள். இவர் தண்ணீரைப் பார்ப்பார். தொட்டித் தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகும். ஆனால் உப்பு ஆவியாகாது, உள்ளேயே தங்கிவிடும். தண்ணீர் குறையக் குறைய உப்பு ஏறும், மீனுக்கு ஆகாது. அதனால் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்து, காலையில் பல் தேய்த்த கையோடு அந்தக் கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்புவார். ஒரு விரல்கடை ஏறவும் விடமாட்டார், இறங்கவும் விடமாட்டார்.

வெளியூர் போகாமல் இருப்பதற்கும் அதுவே நல்ல சாக்காக இருந்தது. மனைவியின் அக்கா தூரத்து ஊரில் இருந்தார். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். ஒவ்வொரு தடவை அழைப்பு வரும்போதும் பிரேக் சார் தொட்டியைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார்.

"நீ போயிட்டு வாம்மா. தண்ணியை யார் பாக்கிறது? வாயில்லா ஜீவன்."

"நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். என்னை யாரும் ஜீவன்னு சொல்லலையே" என்பார் மனைவி.

நான்கு தெரு தள்ளிக் குடியிருந்த மகள் இதற்கு ஒரு முடிவு கட்டினாள். அப்பாவின் பிறந்தநாளுக்குத் தானாகவே தண்ணீர் நிரப்புகிற கருவி ஒன்றை வாங்கிவந்து தந்தாள். மூடி போட்ட ஒரு வாளியில் நல்ல தண்ணீர், அதற்குள் உள்ளங்கை அளவு பம்பு, அதிலிருந்து தொட்டிக்குப் போகிற மெல்லிய குழாய், தொட்டியின் ஓரத்தில் ஒரு மிதவை. தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கும், பம்பு ஓடும். கோட்டுக்கு வந்ததும் மிதவை எழும்பும், பம்பு நிற்கும். மீன்கடைக்காரர் வந்து மாட்டிக்கொடுத்துவிட்டு, இன்னின்னதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டும் போனார்.

"இனிமே ஒரு சாக்கும் சொல்ல முடியாதுப்பா" என்றாள் மகள். பிரேக் சார் சிரித்தார். சிரிப்பு அரைகுறையாகத்தான் வந்தது. அன்று சாயங்காலமே மனைவி ரயிலில் இரண்டு பேருக்கும் இடம் பதிவு செய்துவிட்டார்.

கருவி கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு காலையில் தண்ணீர் கோட்டைத் தாண்டி நின்றது. உப்பு அளக்கிற கருவியை விட்டுப் பார்த்தார், குறைந்திருந்தது. பவளம் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி சுருங்கிக் கிடந்தது. அதிகத் தண்ணீரைக் குவளையால் மொண்டு எடுத்துவிட்டு, பக்கத்து மர அலமாரிமேல் இருந்த வாளி காலியாகிவிட்டதைப் பார்த்து, பொறுப்பாக அதை மறுபடியும் நிரப்பிவைத்தார். மறுநாளும் அதே கதை.

முதலில் மிதவைமேல்தான் சந்தேகம் வந்தது. உப்பு படிந்து இறுகியிருக்கும் என்று கழற்றி, வினிகரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தார். வீடு முழுக்கப் புளித்த நெடி. தண்ணீர் அப்படியும் ஏறியது.

மீன்கடைக்காரருக்குப் போன் செய்தார். "நத்தை ஏதும் மிதவை மேல ஏறி உக்காந்திருக்கா பாருங்க சார். அது அமுக்கினா மெஷின் தண்ணி கம்மின்னு நினைச்சுக்கும்" என்றார் கடைக்காரர்.

பிரேக் சாருக்கு உற்சாகம் பிறந்தது. ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டான். அன்றிலிருந்து நத்தைகளுக்குக் கஷ்ட காலம். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் கண்ணாடியிலிருந்து பெயர்த்தெடுத்துத் தொட்டியின் மறுகோடியில் கொண்டுபோய் விட்டார். மிதவையைச் சுற்றி வலைத்துணியில் ஒரு வேலியும் கட்டினார். நத்தைகள் வேலிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

பயண நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளுக்குள் அவருக்கு ஒரு சின்ன நிம்மதி இல்லாமலும் இல்லை. "இந்த நிலைமையில எப்படிம்மா விட்டுட்டு வர்றது?" என்று கேட்டபோது, குரலில் கவலையைவிட நம்பிக்கைதான் அதிகமாகத் தெரிந்தது. மனைவிக்கு அது தெரியாமல் போகுமா? காய்ச்சல் நடிக்கிறவனைக் கட்டிலின் கால்மாட்டில் நின்றே கண்டுபிடிக்கிறவர் அவர்.

கடைசியில் பிரேக் சார் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். காலையில் வாளியை நிரப்பினார், கருவியின் பிளக்கைப் பிடுங்கினார், மின்கம்பியைச் சுருட்டிச் சோபாமேல் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். மின்சாரமே இல்லாவிட்டால் என்ன செய்யும், பார்க்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கோட்டுக்கு மேல் இரண்டு விரல்கடை தண்ணீர். வாளி அடிமட்டத்துக்கு வந்திருந்தது. பிளக் விட்ட இடத்தில், சோபாமேல், அப்படியே இருந்தது.

பின்னாலேயே பணி முடிந்து வந்த மனைவி தொட்டியைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"பிளக்கைப் புடுங்கின மெஷின் எப்படிங்க தண்ணி ஊத்தும்?"

"அதாம்மா எனக்கும் புரியல."

"எனக்குப் புரியுது. என் அக்கா வீட்டுக்கு வர இஷ்டமில்லைன்னா நேரா சொல்லிடுங்க. குவளையில மொண்டு ஊத்திட்டு மெஷின் மேல பழி போடாதீங்க."

பிரேக் சார் ஆடிப்போனார். ஊருக்குப் போகாமலிருக்க அவர் சொல்லியிருக்கிற பொய்களுக்குக் கணக்கில்லை. இல்லாத முதுகுவலி, வராத புது மாணவர்கள், மேலதிகாரி கேட்காத ஓவர்டைம் என்று எல்லாவற்றையும் மனைவி நம்பியதுபோலவே இருந்திருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறார், அதை நம்ப ஆளில்லை. அன்று முழுக்க வீட்டில் பாத்திரங்கள் மட்டும் பேசிக்கொண்டன.

வார விடுமுறை வந்தது. பிரேக் சார் காலையிலேயே ஒரு நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். பிளக்கைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். வாளி நிறைந்திருந்தது. நத்தைகள் மறுகோடியில் இருந்தன. பம்பைத் தொட்டுப் பார்த்தார். துளி அதிர்வும் இல்லை. குழாயைப் பார்த்தார். கண்ணாடி போன்ற குழாய். அதற்குள் எள்ளளவு ஒரு காற்றுக்குமிழி வாளியிலிருந்து மேலேறி, வளைவைத் தாண்டி, நிதானமாகத் தொட்டிப் பக்கம் இறங்கிப் போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று.

"இங்க கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டார்.

"என்ன, நத்தை ஒத்துக்கிச்சா?" உள்ளே சீருடையை மடித்துக்கொண்டிருந்த மனைவியின் குரலில் கோபம் இன்னும் ஆறவில்லை.

"பிளக் என் கையில இருக்கு. குவளை சமையலறையில இருக்கு. இந்தக் குமிழியைப் பாரு."

மனைவி வந்து குனிந்து பார்த்தார். குமிழி போனது. அவர் கண்ணும் குழாய் வழியே பின்னோக்கிப் போய், அலமாரிமேல் இருந்த வாளியில் நின்றது. முகம் மாறியது.

"நான் ஒண்ணு சொல்வேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் பாட்டிலுக்கு மோட்டாரா இருக்கு? உயரத்துல மாட்டினா தானா இறங்குது. இந்த வாளி தொட்டித் தண்ணிக்கு மேல இருக்கு. பம்பு ஒரு தடவை தள்ளிவிட்டா போதும், அப்புறம் பிளக் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, தண்ணி இறங்கிக்கிட்டேதான் இருக்கும்." அடுத்ததைக் குரலை இறக்கிச் சொன்னார். "வாளியைத் தரையிலேருந்து தூக்கி மேல வச்சது நான்தான்."

பிரேக் சார் நாற்காலியில் நிமிர்ந்தார். "தினமும் வார்டு முழுக்க பாட்டில் மாட்டற கைதானே இது? உனக்குமா தோணல?"

"மேட்டுல வண்டியை நிறுத்தினா இன்ஜினை அணைச்சா மட்டும் போதாது, தானா உருளும்னு தினமும் தொண்டை கிழியக் கத்தறது யாருங்க? நீங்க கூடத்தான் வாளியைப் பாத்தீங்க. 'மேல இருக்கிறது நல்லதாப் போச்சு, நிரப்ப வசதி'ன்னு என்கிட்டயே சொன்னீங்க."

சொன்னது உண்மைதான். பிரேக் சார் பேச்சை மாற்ற, வாளியைத் தூக்கித் தரையில் வைத்தார். குமிழிகள் நின்றன. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அந்த மூச்சு முடிவதற்குள் குமிழி திரும்பி எதிர்த்திசையில் கிளம்பியது. இப்போது தொட்டியின் உப்புத் தண்ணீர் வாளிக்குள் இறங்க ஆரம்பித்தது.

"இதென்ன, ரிவர்ஸ்ல வருது?" அவர் கால் தானாகத் தரையை அழுத்தியது. தரையில் பிரேக் இல்லை. மனைவிதான் எட்டிக் குழாயை மடக்கிப் பிடித்தார். பிடித்தபடியே தொட்டிக்குள் பார்த்தார். குழாயின் முனை தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் கிடந்தது.

"கடைக்காரர் முனையைத் தண்ணிக்கு மேலதானே மாட்டினார்? காத்து புகுந்தா தண்ணி திரும்பி வராம அறுந்து நின்னுடும், உள்ள விடாதீங்கன்னு அத்தனை தடவை சொன்னாரே. யாரு உள்ள விட்டது?"

பிரேக் சார் தொண்டையைச் செருமினார். "சொட்டு மேலேருந்து விழற சத்தத்துல மீனு பயப்படற மாதிரி இருந்துச்சு. அதான் கொஞ்சம் உள்ள தள்ளினேன்."

"மீனு பயப்பட்டுச்சா?"

"கொஞ்சம்."

மனைவி சிரித்துவிட்டார். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், குழாயைப் பிடித்த கையோடு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். ஒருத்தர் வாளியை ஏற்றியிருக்கிறார், இன்னொருத்தர் குழாயை இறக்கியிருக்கிறார், பழி முழுக்க நத்தை தலையில் விழுந்திருக்கிறது. அசடு வழிந்துகொண்டிருந்த பிரேக் சாரும் கடைசியில் சிரிப்பில் சேர்ந்துகொண்டார்.

குழாய் முனையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கிளிப் போட்டு இறுக்கினார். உப்பு கலந்துவிட்ட வாளியைக் கொட்டிக் கழுவித் தரையிலேயே வைத்து நிரப்பினார். நத்தை வேலியையும் அவிழ்த்தார். அப்போதுதான் கேட்கத் தோன்றியது. "அது சரி, வாளியை எதுக்கு மேல தூக்கி வச்ச?"

"தரை துடைக்கறப்ப ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு நகர்த்தணும். கொஞ்ச நாளா இடுப்பு பிடிச்சுக்குது."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே. தொட்டியில உப்பு ஏறிச்சா, இறங்கிச்சான்னுதான் தினமும் அளக்கறீங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் பிரேக் சாருக்குச் சுருக்கென்றது. போய், தரை துடைக்கிற துணியை நனைத்துக் கொண்டுவந்து, தொட்டியைச் சுற்றித் தேங்கியிருந்த ஈரத்தைத் தானே துடைத்தார். அவர் துடைத்ததில் பாதித் தரை முன்னைவிட ஈரமானது. அவர் குளிக்கப் போன பிறகு மனைவி இன்னொரு தடவை துடைத்தார். அடுத்த நாளும் பிரேக் சார் துணியோடு வந்து நின்றார். கூடத்தைத் துடைப்பது அதற்குப் பின் அவர் வேலை என்று ஆகிவிட்டது. கொஞ்ச நாளில் கை பழகியும்விட்டது.

தொட்டியின் உப்பை அவர் அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வந்தார். பவளம் மறுபடி விரிந்தது. தண்ணீர் கோட்டிலேயே நின்றது. இனி சொல்ல ஒரு காரணமும் மிச்சமில்லாததால், குறித்த நாளில் பிரேக் சார் ரயில் ஏறினார். வழியனுப்ப வந்த மகளிடம் வீட்டுச் சாவி இருந்தது. சொல்லவேண்டியதையெல்லாம் முன்பே சொல்லிவிட்டு, வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியாகச் சொன்னார்.

மனைவியின் அக்கா வீட்டில் முதல் இரண்டு நாள் மகளுக்குப் போன் மேல் போன். மகளும் சளைக்காமல் தொட்டியைப் படம் எடுத்து அனுப்பினாள். மூன்றாம் நாள் சகலை கேரம் பலகையை எடுத்துப் போட்டு, "ஒரு ஆட்டம் பாக்கலாமா?" என்றார். சகலை ஓய்வுபெற்ற தபால்காரர். விரல் சுண்டினால் காய் முகவரி பார்த்துப் போய் விழுந்தது. பிரேக் சார் ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்றார். தோற்கத் தோற்க உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மறுத்தார்.

சாயங்காலம் மகளே கூப்பிட்டாள். "என்னப்பா, இன்னைக்குப் போனே வரல? உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்லம்மா, அப்புறம் பேசறேன். சிவப்புக்காய் போடப்போறாரு."

திரும்புகிற நாளுக்கு முதல் நாள் மனைவி பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிரேக் சார் கதவோரம் வந்து நின்றார். "டிக்கெட்டை ரெண்டு நாள் தள்ளிப்போட முடியுமான்னு பாரேன்" என்றார்.

"எதுக்கு?"

"ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காம எப்படி ஊருக்குக் கிளம்பறது?"

"தொட்டி?"

"அது பாட்டுக்கு ஓடுது. மக இருக்கா. நீ வேணா லீவைக் கொஞ்சம் நீட்டிக்கக் கூடாதா?"

மனைவி மடித்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். கூடத்தில் அக்கா சிரிப்பது கேட்டது. வார்டில் தனக்காக ஒருத்தி பணி மாறி நிற்கிறாள், போயே ஆகவேண்டும் என்று எடுத்துச் சொன்னார். பிரேக் சார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரயில் நிலையம் வரை வந்தார். வண்டி கிளம்புகிற நேரம், வழியனுப்ப வந்த சகலையின் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த விடுமுறைக்கு மனைவி வந்தாலும் வராவிட்டாலும் தான் வருவதாகச் சொல்லிவிட்டு ஏறினார்.