லூர்து மேரி டீச்சர் சுட்ட முந்திரிப் பழம்

சென்ற செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளை முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தபோது, கைபேசியில் எங்கள் பள்ளிக் குழுவின் செய்தி வந்திருந்தது. "நம் பள்ளியின் முன்னாள் அறிவியல் ஆசிரியை திருமதி லூர்து மேரி அவர்கள் இன்று காலை மாரடைப்பால் காலமானார். ஆழ்ந்த இரங்கல்." அனுப்பியவர் தலைமையாசிரியர். அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நானும் ஒரு கூப்பிய கையை அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஆண்டு மலர்ல அவங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கோம். நீங்கதான் அவங்களோட பழகுனவங்க. நல்லபடியா எழுதிக் குடுங்க. குடும்பச் சூழ்நிலையால வேலைய விட்டாங்கன்னு ஒரு வரி போட்டுருங்க, போதும்."

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை. எனவே இது மலருக்கான கட்டுரை அன்று. டீச்சரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்குமாக எழுதுகிறேன்.

அரியலூர் மாவட்டத்தில் விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறிய தனியார் பள்ளி எங்களுடையது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் அங்கே கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தபோது லூர்து மேரி டீச்சருக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். வரதராஜன்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கணவர் ஆரோக்கியசாமி ஊரில் முந்திரித் தோப்பு வைத்திருந்தார். பிள்ளைகள் இல்லை.

டீச்சர் நல்லவர், ஆனால் இனிமையானவர் அல்லர். நான் சேர்ந்த முதல் வாரம், வகுப்பு வாசலைக் கடந்தவர் நின்று, மாணவர்கள் முன்னிலையிலேயே, "டீச்சர், கடைசி பெஞ்சுல இருக்கவனுக்குத் தெரியுற மாதிரி எழுதுங்க. எனக்கு இங்கேர்ந்தே தெரியல" என்றார். இரண்டு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஆனால் கரும்பலகையில் எழுத்தைப் பெரிதாக்கினேன்.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் காலையில் சாப்பிடாமல் வருவார்கள். பெற்றோர் விடியும்போதே வேலைக்குப் போய்விடுவார்கள். இடைவேளை மணி அடித்ததும் எதிர்க் கடையில் வண்ணக் காகிதத்தில் வரும் மிளகாய்ப்பொடி தூவிய தின்பண்டங்களை வாங்கித் தின்பார்கள். ஒரு நாள் இறைவணக்கத்தில் ஏழாம் வகுப்புப் பெண் மயங்கி விழுந்தாள். டீச்சர் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, "காலைல என்ன சாப்ட்ட?" என்று கேட்டார். "நேத்து வாங்குன பாக்கெட்டுல கொஞ்சம் இருந்துச்சு மிஸ்" என்றாள் அவள்.

அடுத்த சனிக்கிழமை என்னைத் தம் வீட்டுக்கு அழைத்தார். "வாங்க, ஒண்ணு காட்டுறேன். நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லணும்."

பங்குனி மாதம். தோப்பில் மரத்தடி முழுக்க மஞ்சளும் சிவப்புமாக முந்திரிப் பழங்கள் கிடந்தன. கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அங்கேயே வீசிவிடுவார்கள். ஆடு தின்றதுபோக மீதி அழுகும். அந்தப் புளித்த வாடை சாலை வரைக்கும் வரும். பழம் தொண்டையைப் பிடிக்கும், சாறு பட்டால் துணியில் கறை போகாது. அதனால் வீட்டில் யாரும் சீந்துவதில்லை. "இவ்வளவு சத்து மண்ணுல கெடக்கு டீச்சர். நம்ம புள்ளைங்க மயங்கி விழுதுங்க" என்றார்.

பெங்களூருக்குக் குடிபோன தங்கை விட்டுச் சென்ற ஓவன் ஒன்று அவர் சமையலறையில் இருந்தது. அன்று பறித்த பழங்களின் இரு முனைகளையும் நறுக்கித் தள்ளிவிட்டு மெல்லிய வட்டங்களாக வெட்டினார். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டார். "இதுதான் விஷயம். தொண்டையப் புடிக்குறதெல்லாம் இந்தத் தண்ணியோட போயிரும்." வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, ஆரோக்கியசாமி அய்யாவின் பழைய வேட்டி ஒன்றில் பரப்பி ஈரம் ஒற்றினார். அந்த வேட்டியில் ஏற்கெனவே பழுப்பு வட்டங்கள் நிறைய இருந்தன. கொஞ்சம் சுக்குப்பொடி, மிகக் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை. ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் அடுக்கி, ஆகக் குறைந்த சூட்டில் ஓவனுக்குள் வைத்து, கதவு முழுதாக மூடாதபடி ஒரு மரக்கரண்டியைச் செருகினார். ஆவி வெளியே போக வேண்டுமாம். மூன்று மணி நேரம். நடுவில் ஒரு முறை எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார்.

"மொதத் தட்டு கரியாப் போச்சு. ரெண்டாவது ஒரே துவர்ப்பு. இது நாலாவது" என்றார்.

தேன் நிறத்தில், ஓரம் சுருண்டு, தோல்போல வளைந்தது. வாயில் போட்டு மெல்ல மெல்லப் புளிப்பும் இனிப்பும் வந்தன. நான் ஆறோ ஏழோ தின்றேன். "நல்லாருக்கு டீச்சர்" என்றேன். "நெசமா?" என்று இரண்டு முறை கேட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் முறை.

அதன்பிறகு முந்திரிக் காலத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரண்டு எவர்சில்வர் டப்பாக்கள் அவரோடு பஸ்ஸில் வரும். மற்ற மாதங்களில் வாழைப்பழத்தை அதேபோல் சுட்டுக் கொண்டுவருவார். அவர் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று துண்டு. கை கழுவாதவனுக்கு ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் அதற்கு மேரி மிட்டாய் என்று பெயர் வைத்தார்கள். துவர்ப்பு என்றால் என்ன, உப்பு நீர் அதை எப்படி இழுக்கிறது என்று அதை வைத்தே பாடமும் நடத்தினார். ஆசிரியர் அறைக்கும் டப்பா வரும். தலைமையாசிரியரும் தின்பார்.

தலைமையாசிரியருக்கும் டீச்சருக்கும் தகராறு வந்தது வேறொன்றால். பள்ளி மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஆசிரியர் கூட்டத்தில் டீச்சர் எழுந்து, "சார், அந்த டேங்குல காக்கா குளிக்குது. ஒரு மூடி வாங்கிப் போடுங்க" என்றார்.

"பாத்துக்கலாம் டீச்சர்."

அடுத்த மாதமும் கேட்டார். அப்போதும் அதே பதில். டீச்சர் உட்காரவில்லை. "உங்களுக்குக் கேன் தண்ணி வருது சார். புள்ளைங்க குடிக்கறது அந்தத் தண்ணி" என்றார். தலைமையாசிரியரின் முகம் இறுகிவிட்டது. நாங்கள் எல்லோரும் குனிந்து குறிப்பேட்டில் எதையோ எழுதினோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை. காலை இடைவேளையில் வழக்கம்போல மேரி மிட்டாய். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பது பிள்ளைகள் அடுத்தடுத்து வாந்தி எடுத்தார்கள். வேனில் ஏற்றி அரியலூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டீச்சர் ஒரு பிள்ளையின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். அவர் புடவை முழுக்க வாந்தி. கடவுள் புண்ணியத்தில் மறுநாள் எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

ஆனால் அன்று மாலையே மருத்துவமனை வாசலில் ஒரு தகப்பனார், "புள்ளைக்கு என்னய்யா குடுத்தீங்க?" என்று சத்தம் போட்டார். தலைமையாசிரியர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நாங்க எதுவும் குடுக்கலீங்க. டீச்சர் வூட்டுலேர்ந்து எதையோ சுட்டுக் கொண்டாந்து குடுத்துருக்காங்க" என்றார்.

டீச்சர் அருகில்தான் நின்றார். "சார், இந்த ஒம்போதுல மூணு பேரு என் கிளாஸே இல்ல. அவங்க அதத் தொடவே இல்ல. தண்ணியப் பாருங்க" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. சுகாதார ஆய்வாளர் வந்தபோது, டப்பாவில் மீதமிருந்த துண்டுகளை டீச்சரே எடுத்துக் கொடுத்தார். தொட்டித் தண்ணீரையும் எடுத்துப் போகச் சொன்னார்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறைக்கு ஒரு தாள் வந்தது. வீட்டில் சுகாதாரமற்ற முறையில் தயாரித்த தின்பண்டமே காரணம் என்று அறிகிறோம் என்று தட்டச்சு செய்திருந்தார்கள். கீழே ஏழு ஆசிரியர்களின் பெயர்கள். டீச்சர் அதே அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் நான்கு துண்டுகள் தின்றிருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைத்தான் குடிப்பேன். இது எனக்குத் தெரியும். ஆனால் என் கணவருக்கு சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலை நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. என் மகள் அதே பள்ளியில் கட்டணமில்லாமல் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஐந்தாவதாகக் கையெழுத்துப் போட்டேன். டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போட்டிருக்க மாட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பார்த்திருந்தாலும் போட்டிருப்பேன்.

"நீங்களே எழுதிக் குடுத்துட்டு வெலகிட்டா கௌரவமா இருக்கும்" என்று தலைமையாசிரியர் சொன்னார். டீச்சர் ஒரு வெள்ளைத்தாளில், என்னை விலகச் சொன்னதால் விலகுகிறேன் என்று எழுதி நீட்டினார். தலைமையாசிரியர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, சொந்தக் காரணம் என்று எழுதச் சொன்னார். "என் காரணம் இது இல்லையே சார்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குடும்பச் சூழ்நிலை என்பது அப்போது பிறந்த வார்த்தை. டீச்சர் எழுதாததைப் பள்ளி எழுதிக்கொண்டது.

மூன்று வாரம் கழித்து மதிப்பெண் பட்டியல் கொடுக்க அலுவலக அறைக்குப் போனேன். மேசைமேல் சுகாதார அலுவலகத்தின் கடிதம் பிரித்தபடி கிடந்தது. பழத்தில் குறை ஒன்றுமில்லை. தொட்டித் தண்ணீர் குடிக்கத் தகுதியற்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவினார்கள், புது மூடி போட்டார்கள். கடிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஊரில் அந்தப் பேச்சு பரவி, டீச்சர் தெருவில் நடந்தால் தாய்மார்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்களாம். தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் பெரம்பலூருக்கு வாடகை வீட்டுக்குப் போனார்கள். அங்கே ஒரு டியூஷன் மையத்தில் டீச்சர் பாடம் எடுத்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தலை நன்றாக நரைத்திருந்தது. கையில் கொய்யாப் பை. நான்தான் போய்ப் பேசினேன்.

"நல்லாருக்கீங்களா டீச்சர்?"

"இருக்கேன். பொண்ணு நல்லாப் படிக்குதா?"

"படிக்குறா. இன்னும் பழம் சுடுறீங்களா?"

"கொய்யா, வாழ. எங்க ரெண்டு பேருக்கு மட்டும். வெளில யாருக்கும் குடுக்கறதில்ல. டியூஷன் புள்ளைங்க கேக்குங்க. இல்லன்னுருவேன்."

இரண்டு ஆண்டுச் சுமையை இறக்கி வைக்கிற எண்ணத்தில், அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். தண்ணீர்தான் காரணமென்று எழுதியிருந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்றேன்.

டீச்சர் கொய்யாப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தெரியும் டீச்சர். இன்ஸ்பெக்டர் அப்பவே போன் பண்ணிச் சொல்லிட்டாரு. மத்தவங்களுக்குத் தெரியாது, பாவம், தெரியாமதான் யாரும் வாயத் தொறக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்தீங்கங்கறது இப்பதான் தெரியுது."

அதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது. "வரேன்" என்று ஏறிக்கொண்டார். ஜன்னலோர இடம் கிடைத்தும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை, அழைக்கவும் துணிவில்லை.

அந்த அவமானம்தான் அவரைக் கொன்றது என்று எழுதினால் கட்டுரைக்குப் பொருத்தமாக இருக்கும். அப்படி எழுத எனக்கு ஆதாரம் இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு காலை, துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவர் சாய்ந்துவிட்டார், அவ்வளவுதான் தெரியும். ஆனால் ஊரார் பிள்ளைகளுக்கு இனி எதுவும் கொடுப்பதில்லை என்று அவரை முடிவெடுக்க வைத்தவர்கள் நாங்கள். அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஏழு கையெழுத்து.

புதன்கிழமை, சொந்த ஊரான வரதராஜன்பேட்டைக்கே கொண்டுவந்து அடக்கம். பள்ளியின் சார்பில் மாலையோடு என்னையும் இன்னொருவரையும் அனுப்பினார்கள். பழைய வீட்டு வாசலில் ஆரோக்கியசாமி அய்யா நின்றிருந்தார். மாலையில் கட்டியிருந்த பள்ளிப் பெயரைப் படித்தார். குரலை உயர்த்தவில்லை.

"அத வெளிலேயே வச்சிருங்கம்மா. நீங்க வரதுன்னா உள்ள வாங்க."

மாலையைச் சுற்றுச்சுவர் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். டீச்சருக்கு வெள்ளைப் புடவை கட்டி, கையில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். நெற்றியில் எப்போதும் இருக்கும் அந்தச் சுருக்கம் அப்போதும் இருந்தது. யாரோ எதையோ தப்பாகச் செய்கிறார்கள் என்பது போல.

கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவராகக் குழிக்குள் ஒரு பிடி மண் போட்டார்கள். என் முறை வந்தது. வெயிலில் காய்ந்த செம்மண் கைக்குள் கட்டியாக இருந்தது. அதை உடைத்துப் பொடியாக்கிப் போட்டேன். பெட்டியின் மேல் விழுந்து சத்தம் கேட்கக் கூடாது என்று தோன்றியது. மண் போட்டவர்களின் கையைப் பிடித்து ஆரோக்கியசாமி அய்யா ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்றவரின் கையைப் பிடித்தார்.

அவர் செய்தது சரிதான்.

போய் வாருங்கள் டீச்சர். உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அந்த பஸ் ஸ்டாண்ட். நான் அங்கே கேட்கவில்லை.