பாதிக் கட்டம்

கித்தேரியம்மாள் அக்காவை நெனச்சா எனக்கு மொதல்ல வர்றது கோபம்தான். அழுகை அதுக்குப் பின்னாடிதான் வரும்.

செண்பகனூர்ல சிஸ்டர்ங்க நடத்துன பள்ளிக்கூடத்துல அவங்க தையல் டீச்சர். துணியில கட்டம் எண்ணிப் பூப்போடுறதுல அவங்களை அடிச்சுக்க ஆளில்லை. அதைப் பார்த்துத்தான் எண்பத்தி நாலுல டாக்டர் ஞானவேல் தன்னோட ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டார். நான் அவர்கிட்ட டைப்பிஸ்ட். பேரு லீமா. வாய் கொஞ்சம் நீளம்.

மறதி வந்த இருபத்தெட்டுப் பேரை வருசத்துக்கு ஒருதரம் மதுரைக்கு அனுப்பி, தலையை ஸ்கேன் எடுப்பாங்க. மூளைக்கு நடுவுல தண்ணி நிக்கிற குழி இருக்கு, படத்துல கறுப்பாத் தெரியும். மூளை சுருங்கச் சுருங்கக் குழி பெருசாகும். படத்து மேல கட்டம்போட்ட கண்ணாடித்தாளை வச்சு, கறுப்பு விழுந்த கட்டத்தை எண்ணணும். ஓரத்துல பாதிக்கு மேல கறுப்புன்னா ஒண்ணு, பாதிக்குக் கீழன்னா விட்டுரணும். அக்கா ஒருதரம் எண்ணுவாங்க, நான் ஒருதரம். ஒருத்தர் எண்ணுனதை இன்னொருத்தருக்குச் சொல்லக் கூடாது. படத்துல பேர் இருக்காது, நம்பர்தான். அதுவும் வருசா வருசம் மாறும்.

அந்த இருபத்தெட்டுல ஒருத்தர் அக்கா வீட்டுக்காரர் மரியசூசை. பேரிக்காய்த் தோட்டத்துல வேலை பார்த்தவர். வாலிபத்துல மரத்துலேர்ந்து விழுந்து நெத்தி எலும்பு உள்ளே அமுங்கிக் கெடந்துச்சு. ஸ்கேன் படத்துலயும் அந்தப் பள்ளம் அப்பிடியே விழும். பேரை மறைச்சாப் போதும்னு இருந்துட்டார் டாக்டர். அவ்வளவு படிச்ச மனுசன், நெத்திப் பள்ளத்தை யோசிக்கலை. பொண்டாட்டிக்குத் தெரியாதா? எனக்கே தெரிஞ்சுது.

அவர் அக்காவை வாய் நெறையக் கித்தேரின்னுதான் கூப்பிடுவார். மூணாம் வருசம் வேட்டியை நனைக்க ஆரம்பிச்சார். சட்டைப் பொத்தான் போடத் தெரியாம நின்னார். ஒருநாள் நான் போயிருந்தப்ப என் முன்னாடியே அக்கா திட்டுனாங்க.

“மூணு வருசமா உங்க மூளை அப்பிடியே இருக்கு. நானே எண்ணிருக்கேன். சும்மா நடிக்காதீங்க.”

அவர் தலை குனிஞ்சு நின்னார். அந்த மார்கழிக் குளிர்ல வேட்டியை அவரையே துவைக்க வச்சாங்க. என் எண்ணிக்கையில அவரோட குழி வருசத்துக்கு வருசம் பெருசாகிக்கிட்டுத்தான் வந்துச்சு. சொல்லக் கூடாதுங்கிற விதியைப் புடிச்சுக்கிட்டுப் பேசாம வந்துட்டேன். ஊர் வம்பெல்லாம் பேசுற இந்த வாய் அன்னைக்குத் தொறக்கலை.

தை மாசம் டாக்டர் ஒவ்வொருத்தருக்கும் மூணு வருச எண்ணிக்கையைக் கோடாப் போட்டுப் பார்த்தார். இருபத்தேழு பேருக்கு எங்க ரெண்டு பேர் எண்ணிக்கையும் ரெண்டு மூணு கட்டம் முன்னப்பின்ன, அவ்வளவுதான். ஒருத்தருக்கு மட்டும் என் கோடு மேலே ஏறுது, அக்கா கோடு படுத்துக் கெடக்குது. அக்காவைத் தன் முன்னாடியே திரும்ப எண்ணச் சொன்னார். அப்பவும் அதே மாதிரிதான் வந்துச்சு. அப்புறம் அவரே ஓரத்துக் கட்டங்களை ஒவ்வொண்ணாப் பென்சிலால தொட்டுக் காமிச்சார். பாதிக்கு மேல கறுப்பா இருந்த கட்டம் அத்தனையும் அக்கா விட்டிருந்தாங்க.

அக்கா படத்தைக் கிட்ட இழுத்துப் பார்த்தாங்க. “கம்மியாத்தான் தெரிஞ்சுது டாக்டர். சத்தியமா அப்பிடித்தான் தெரிஞ்சுது” அப்பிடின்னாங்க. மத்த படத்தையெல்லாம் அவ்வளவு சரியா எண்ணுன கண்ணு, இந்த ஒண்ணுல ஆசைப்பட்டதைப் பார்த்திருக்கு. அதை நம்பித்தான் அந்த மனுசனை அந்தப் பாடு படுத்தியிருக்காங்க.

ஸ்வெட்டரைக்கூட எடுக்காம எந்திரிச்சு வெரசா வீட்டுக்கு நடந்தாங்க. நான் பின்னாடியே ஓடுனேன்.

கதவைத் தொறந்ததும் மரியசூசை கட்டில்லேர்ந்து எந்திரிச்சு நின்னார். வேட்டி நனைஞ்சிருந்துச்சு. ரெண்டு கையாலயும் அதை மறைச்சுக்கிட்டார்.

“இனிமே பண்ண மாட்டேன் டீச்சர்.”

அக்கா அப்பிடியே தரையில உக்காந்து அவர் காலைப் புடிச்சுக்கிட்டாங்க. அவர் மறைச்ச கையை எடுக்கவே இல்லை.