அண்ணனுக்கு வராத வேஷம்

என் அண்ணனுக்கு வராத வேஷமே இல்லை என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். ஒரே வீட்டில் அவனோடு கிடந்து அவதிப்பட்டவள் நான்.

நாடகக் கம்பெனியில் சேர்ந்தபோது ராணி வேஷம் கட்டினான். மீசை முளைத்ததும் திருடன், மந்திரி, கூனன். பேசும்படம் வந்ததும், அப்போது படம் பிடித்த கல்கத்தாவுக்கு ரயிலேறினான். வீட்டுக்கு வந்தால் எந்த ஆளாக வந்திருக்கிறான் என்று அம்மைக்கே தெரியாது. நொண்டி வேஷம் கிடைத்திருந்தால் கிணற்றடிவரை நொண்டிக்கொண்டே போவான். “நேரா நடந்து தொலையேன்” என்று கத்துவேன். காதிலேயே வாங்க மாட்டான்.

எனக்குக் கலியாணம் நிச்சயமானபோதுதான் பெரிய தலைவலி வந்தது. எங்கள் கிறிஸ்தவ சபையில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லலாம் என்று. இரண்டு ஓலை நல்லபடியாக முடிந்தது. அந்த வாரம் பார்த்துக் கோட்டாற்றுக் கொட்டகையில் அண்ணன் நடித்த படம் வந்து சேர்ந்தது. அதில் அவன் சாமியார். நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு. படம் பார்ப்பது பாவம் என்று பேசுகிற சபை மூப்பர்கள் ஒருவர் விடாமல் போய்ப் பார்த்துவிட்டு, பையன் மதம் மாறிவிட்டான் என்று போதகரிடம் சொன்னார்கள்.

மாப்பிள்ளையின் அப்பாவும் ஒரு மூப்பர். அவரே வீட்டுக்கு வந்தார்.

“வேஷம்தானே” என்றார் அப்பா.

“வேஷம்ணா, நெத்தியில பூசினது மாவா? பயலு சபைக்கு முன்னால எழும்பி நிண்ணு, அழுது ஒரு மன்னிப்புக் கேக்கட்டு. மூணாம் ஓலைய வாசிச்சிரலாம்.”

எனக்கு நிம்மதியாகிவிட்டது. அழுகைதானே, அண்ணனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவன், “அது எனக்கு வராது” என்றான்.

“படத்துல எவன் காலுலயும் விழுந்து அழுவியே. எனக்காவ ஒரு நிமிஷம் அழப்பிடாதா?”

“அங்க வேஷம்ணு தெரிஞ்சுதான் ஆளுவ பாக்காவ. இங்க நெஜம்ணு நம்பிருவாவளே, மக்கா.”

கையில் அகப்பை இருந்தது. அடிக்காமல் விட்டதே பெரிது.

ஞாயிற்றுக்கிழமை போதகர் கூப்பிட்டார். அண்ணன் எழுந்தான். கூனாமல், நொண்டாமல், வெறும் ஆளாக நின்றான். “நான் மதம் மாறல்ல. நடிச்சது தப்புண்ணு எனக்குத் தோணவும் இல்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை; கலியாணம் அதோடு நின்றது. மாப்பிள்ளை தன் அப்பாவின் பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

அண்ணனின் அடுத்த படத்துக்கு அம்மை என்னை வலுக்கட்டாயமாக இழுத்துப் போனாள். அதில் அவன் குடிகாரன். பெற்றவளின் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு அழுகிறான். கொட்டகை முழுக்க மூக்கைச் சிந்துகிற சத்தம். எங்களுக்கு முன் பெஞ்சில், எனக்கு மாமனாராக வேண்டியிருந்த அதே மூப்பர், துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

நான் குனிந்து, “அழாதீங்க மாமா, அது வேஷமாக்கும்” என்றேன்.