நாலாம் ரூமின் மீன் பங்கு

பூச்சி உருண்டை மணம்... எத்தனை தரம் சோப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. ரயிலில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளித்தால், என்னால்தான் என்று நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில் ஓர் அருங்காட்சியகத்தின் பின்கட்டில் வேலை. பாடம் செய்த கடற்பறவைகள் இருக்கும் இழுப்பறைகளைப் பார்த்துக்கொள்ளவேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். படித்தது விலங்கியல். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்கப் பயம்.

அந்த வருடம் அருங்காட்சியகத்தின் எங்கள் பறவைப் பகுதியிலிருந்து சிலர் ஆய்வுக்காக டோக்கெலாவுக்குப் போகப்போவதாகப் பேச்சு. பசிபிக்கின் நடுவே மூன்று பவளத்தீவு வளையங்கள். மலை இல்லை, ஆறு இல்லை, விமானம் இறங்க இடமில்லை. சமோவாவிலிருந்து கப்பல் போனால்தான் உண்டு.

அந்தத் தீவுகளின் பறவைகள் என் இழுப்பறையில் பஞ்சடைத்த கண்களோடு கிடந்தன. உயிரோடு அவை எப்படிக் கத்தும்?

போகவேண்டும். ஆனால் கேட்க வாய் வரவில்லை. இருப்புக் கொள்ளாமல் திரிந்தேன். ஊற்றிய தேத்தண்ணீர் ஆறிப்போகும்... இறங்கவேண்டிய ஸ்டேஷன் தாண்டிப்போகும்...

டோக்கெலாக்காரி ஒருத்தி என் பக்கத்து ரூமிலேயே இருந்தாள். பெயர் மெலே. என் வயதுதான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. சிட்னிப் புறநகர் பரமட்டாவில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் ஐந்து ரூம், எல்லாரும் சமைக்க ஒரே குசினி. மீன்பிடிப் படகில் வேலை செய்த அவளுடைய தமையன் சனிக்கிழமைகளில் ஒரு பெட்டி மீன் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவான். மெலே குசினி மேசையில் பேப்பர் விரித்து, ரூமுக்கொரு குவியலாகப் பிரிப்பாள். பிறகு கூப்பிடுவாள். கொண்டுவந்து தரமாட்டாள், நாமே போய் அவளுடைய சட்டி ஒன்றில் அள்ளி எடுக்கவேண்டும்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன்.

"ரூம் நாலு! மீன் நடந்து வராது!"

அவள் ஆங்கிலத்தில் சொன்னதுதான். எனக்கு எங்கள் தமிழிலேயே நினைவிருக்கிறது.

அவளுடைய தீவில் பன்றிகள் வற்றுக்கடலில் இறங்கிச் சிப்பி தேடித் தின்னுமாம். நான் நம்பவில்லை. தலை மட்டும் வெள்ளையாக, உடம்பெல்லாம் கறுத்த ஒரு பறவையின் படத்தைக் காட்டி, "இது எப்பிடிக் கத்தும்?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "கத்துறது ஞாபகமில்லை. ஆனா நல்ல ருசி."

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமில்லை. மீன் வந்த சட்டியைக் கழுவி, உழுந்து வடை வைத்துக் கொடுத்தேன். அவள் சந்தோஷமாகச் சாப்பிட்டாள். அடுத்த கிழமையும் வைத்தேன். அதற்கடுத்த கிழமை அவள் முகம் மாறிவிட்டது.

"என்ன இது? மீனுக்குக் கூலியோ?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். அவள் விடவில்லை.

"எங்கட ஊரில பிடிச்ச மீனை ஒரே இடத்தில குவிப்பினம். வீட்டில எத்தனை தலையோ அதுக்கேத்த பங்கு. கடலுக்குப் போனவனுக்கும் போகாதவனுக்கும் ஒரே கணக்கு. அதுக்கு ஆரும் திருப்பிக் குடுக்கிறேல்லை. வடை தாறதெண்டா வடையாத் தா. சட்டிக்குள்ள வைச்சுக் கணக்குத் தீர்க்காதை."

அந்த ஞாயிற்றுக்கிழமை பென்டில் ஹில்லில் இருந்த ராணி அக்கா வீட்டுக்குப் போனேன். தூரத்து உறவு. அவரிடம் மட்டும் என் ஆசையைச் சொன்னேன்.

"கப்பலிலயோ? அதுவும் ஆம்பிளையளோடயோ?" அக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். "சும்மா இடம் குடுப்பினமே பிள்ளை? நீ அவையளுக்கு அப்பிடி என்ன செய்து குடுத்தனி?"

திரும்பி வந்தும் அதே கேள்வி. என்ன செய்து கொடுத்தேன்? பூச்சி உருண்டை போட்டேன்... நடைபாதையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன்.

மெலே தலையை நீட்டினாள். "தரைப்பலகை தேயப்போகுது. என்ன விஷயம்?"

சொன்னேன்.

"அங்கதானே வேலை செய்யிறாய்? அப்ப உனக்கும் ஒரு பங்கு இருக்கு. போய் எடு."

மறுநாள் பெரியவரின் கதவைத் தட்டினேன். எங்கள் பகுதிக்குத் தலைவர் அவர். "டோக்கெலாவுக்கு நானும் வரவேணும்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உமக்கு விருப்பமெண்டு ஒருநாளும் சொல்லேல்லையே?"

"இப்ப சொல்லுறன்."

போனேன்!

கப்பல் வெளியே மிதந்து நிற்க, வள்ளத்தில் அலையோடு பவளப்பாறையைத் தாண்டி, முழுக்க நனைந்து கரையேறினேன். அந்தக் கறுத்த பறவைகள் துருப்பிடித்த கீல்போலக் கரகரத்தன. பன்றிகளும் மெய்யாகவே முழங்கால் தண்ணீரில் மேய்ந்துகொண்டிருந்தன.

ஒருநாள் மீன் வந்தது. மண்ணில் வரிசையாகக் குவியல்கள். ஒருவர் வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாரும் எடுத்துப்போன பிறகு ஒரு சிறு குவியல் மிஞ்சியது. அவர் ஏதோ கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த பெண் முழங்கையால் என்னை இடித்தாள்.

சிட்னியிலிருந்து வந்த எங்களுக்கான பங்கு.

போய் எடுத்தேன். திருப்பிக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. ஒரு நாளுமில்லாத அமைதி அப்போது மனதில்...

திரும்பி வந்து மீன் பங்கு கிடைத்ததைச் சொன்னதும் மெலே முதலில் கேட்டது இதைத்தான். "எத்தனையாந் தரம் கூப்பிட எடுத்தனி?"

"ரெண்டாந் தரம்."

"வெக்கக்கேடு!" என்று தொடையில் அடித்துச் சிரித்தாள்.

பிறகு அவள் தமையனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். நான் இருப்பது பென்டில் ஹில்லில். அடுத்த வீட்டுக்குக் கறி கொடுத்தால் அரை மணியில் சொக்லேட் பெட்டி வந்துவிடுகிறது. நன்றி, நன்றி... கதவு சாத்திக்கொள்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் வடை வைத்தவள்தானே.

சனிக்கிழமை வந்தால் இன்றும் வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. மீன்கடைக்குப் போய் நம்பர் துண்டோடு நிற்பேன். முண்டியடிக்கும் கூட்டம், பனிக்கட்டி, செதில் மணம்...

என் நம்பரை அவர்கள் இரண்டாந் தரம் கூப்பிட நான் விடுவதில்லை.