முதலியார் மண்டியின் பின்பக்கம்

1936-ல் பூந்தமல்லி கடைத்தெருவில் மணவாள முதலியார் கட்டிய தானிய மண்டிதான் எல்லாவற்றிலும் உயரம். வளைவு ஜன்னல்கள், பூவேலைத் தூண்கள், கைப்பிடிச் சுவரில் இரண்டு சுதைச் சிங்கங்கள், நடுவே அவர் அப்பாவின் பெயர். அதற்கெல்லாம் சாந்து அரைத்தவள் வேம்புலியம்மாள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு எட்டு மாதம் சுண்ணாம்பு அரைத்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. ஆனாலும் சாரம் பிரித்த அன்று, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். பெருமையாகத்தான் இருந்தது.

மண்டிக்குப் பின்னால்தான் அவள் தெரு. முதலியார் குடும்பம் மாடியில் குடிவந்த வாரமே தெருக் கிணற்றோரம் ஈ மொய்த்தது. மாடிக் கக்கூஸிலிருந்து சுவரோடு இறங்கிய குழாய், கிணற்றுக்குப் பத்தடி தள்ளி மலத்தைக் கக்கிக்கொண்டிருந்தது.

அவள் நேரே மண்டியைக் கட்டிய செங்கல்வராயன் மேஸ்திரியிடம் போனாள்.

"இன்னா மேஸ்திரி, மழத்தண்ணி கொழான்னு சொன்னியே?"

"மொதலியாரு வெக்க சொன்னாரு. பின்பக்கத்த யாரு பாக்கப் போறான்னாரு."

"நாங்க கீறோமே. நாங்க மனுசங்க இல்லியா? தூ!"

நாலு வீட்டில் வாந்திபேதி கண்டது. பக்கத்து வீட்டு எல்லம்மா மூன்றாம் நாள் செத்துப்போனாள். அவளைக் குளிப்பாட்டவும் அந்தத் தண்ணீரைத்தான் இறைக்க வேண்டியிருந்தது. வேம்புலியம்மாளுக்கு, அந்த மண்டிக்குச் சாந்து அரைத்த தன் கைகளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

கீழே மண்டியின் திறப்பு விழாக் காலையில் தாசில்தார் வந்தார். மாலை போட்டார்கள். அவர் தூண்களைத் தடவிப் பார்த்து, "பட்டணத்திலும் இப்படி இல்லை" என்றார். வேம்புலியம்மாள் ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரோடு கூட்டத்தை விலக்கி வந்தாள்.

"எசமான், முன்னால பாத்துட்டீங்க. பின்னாலயும் வந்து பாருங்க."

"தூரப் போடி!" என்று முதலியார் கத்தினார்.

அவள் குடத்தை வழவழப்பான படியில் கவிழ்த்தாள். நாற்றத்தில் நாதஸ்வரக்காரரே எழுந்து நகர்ந்தார். தாசில்தார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் பின்னே சந்துக்குள் நடந்தார். குழாயைப் பார்த்தார். விருந்துக்கு நிற்காமல் வண்டி ஏறிவிட்டார்.

இரண்டு நாளில் குழாயை அடைத்தார்கள். கெட்டுப்போன கிணற்றை மண் போட்டு மூடினார்கள். புதுக் கிணறு வர அடுத்த பங்குனி ஆயிற்று. அதுவரை தெருப் பெண்கள் ஏரித் தண்ணீர் சுமந்தார்கள். கடைத்தெருவில் வேம்புலியம்மாளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. திருவேற்காட்டுச் செங்கல் சூளைக்குப் போனாள். அங்கேயும் பல மாதம், சோற்றுக் கை வாயருகே வரும்போது அதில் அந்தக் கிணற்று நாற்றம் அடிக்கும். சோற்றை அப்படியே தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள்.